தோற்றவன் பெயரை யார் வைப்பார்கள்?

எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் தலைப்பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் பெற்றவர்களுக்கு வேலையே கிடையாது. ஆண் என்றால் அப்பாவின் அப்பா பெயர், முடிந்தது. அந்தக் கணக்கில் நான் முருகேசன். தம்பி பிறந்தபோதுதான் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு பெயர் யோசிக்க இடம் கிடைத்தது. பாரி என்று வைத்துவிட்டார். அவர் தமிழாசிரியரும் இல்லை, கட்சி மேடையில் ஏறியவரும் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். பள்ளிக்கூடத்தில் படித்த ஏதோ ஒன்று மனதில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அப்பத்தாவுக்குப் பிடிக்கவில்லை. "இதென்னடா பேரு, கூப்பிட ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிஞ்சு போகுது" என்றாராம். கடைசிவரை அவனை அவர் ராசு என்றுதான் கூப்பிட்டார்.

முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளல் என்று தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் பக்கம் போன எல்லோருக்கும் பாரியைத் தெரியும். ஆனால் பாரி என்ற பெயரில் ஒரு மனிதரைத் தெரியுமா என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள். கதையில் இவ்வளவு பிரபலம், ஆள் பெயராக இவ்வளவு அரிது. இது ஏன் என்று பல வருடமாக எனக்குள் ஒரு குடைச்சல். தம்பிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவனுக்கு இருக்கும் கவலைகள் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

பாரி பறம்பு மலைக்குத் தலைவன். பேரரசன் இல்லை, வேளிர் குலத்துச் சிற்றரசன். இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் இருக்கும் பிரான்மலைதான் அந்தப் பறம்பு என்கிறார்கள். திருஞானசம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றமும் அதே மலைதான். அடிவாரத்தில் சிவன் கோயில், உச்சியில் தர்கா. அந்த மலையைச் சுற்றி முந்நூறு ஊர்கள் அவனுக்கு இருந்தன. சேர சோழ பாண்டியர் மூவரும் சேர்ந்து வந்து முற்றுகை போட்டபோது, அவன் நண்பர் கபிலர் அவர்களைப் பார்த்துப் பாடுகிறார்: முந்நூறு ஊரையும் ஏற்கெனவே பரிசிலர் வாங்கிப் போய்விட்டார்கள், மிச்சம் இருப்பது நானும் பாரியும்தான், பாடிக்கொண்டு வந்தால் எங்களையும் வாங்கிப் போகலாம். புறநானூற்றின் 110ஆம் பாட்டு இது. முற்றுகைக்கு நடுவில் நின்றுகொண்டு மூன்று பேரரசர்களைக் கிண்டல் செய்ய எவ்வளவு தைரியம் வேண்டும்! அதற்கு முந்தைய பாட்டு இன்னும் குறும்பானது. உழாமலே நான்கு விளைச்சல் தரும் மலை இது. மூங்கில் நெல் இருக்கிறது, பலா இருக்கிறது, வள்ளிக்கிழங்கு இருக்கிறது, தேன் இருக்கிறது. நீங்கள் மரத்துக்கு மரம் யானையைக் கட்டினாலும் பட்டினி போட்டு எங்களைப் பிடிக்க முடியாது என்கிறார்.

கடைசியில் பிடித்துவிட்டார்கள். பாரி செத்தான், மலை போயிற்று. 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்' என்று தொடங்கும் அந்த ஐந்து வரிப் பாட்டைப் பாடியவர்கள் அவன் மகள்கள். அந்தப் பெண்களின் பெயர் நமக்குச் சங்கப் பாட்டிலிருந்து கிடைக்கவில்லை. பாரி மகளிர் என்றே தொகுத்தவர்கள் எழுதி வைத்தார்கள். அங்கவை, சங்கவை என்பதெல்லாம் பிற்கால ஔவையார் கதைகளில் வருவது. (அந்த இரண்டு பெயர்களையும் 2007இல் வந்த ஒரு பெரிய படத்தில் கருத்த பெண்களைக் கேலி செய்யப் பயன்படுத்தினார்கள். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.)

ஆண் வாரிசு பற்றிய பேச்சே இல்லை. நாடும் இல்லை. எங்கள் தலைப்பிள்ளை முறைப்படி பார்த்தால், இந்தப் பெயரை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக ஒரு பேரன்கூட இல்லை. அதைக் கொண்டுவந்து சேர்த்தது கபிலர் ஒருவர்தான். சங்க இலக்கியத்தில் அதிகமாகப் பாடியவர் அவர், 235 பாட்டு. புறநானூற்றில் 105இலிருந்து 120 வரை தொடர்ந்து பாரிதான், நடுவில் ஒன்று மட்டும் மகளிர் பாட்டு. பாரி இறந்தபின் அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு சிற்றரசன் விச்சிக்கோவிடம் போகிறார், இன்னொரு சிற்றரசன் இருங்கோவேளிடம் போகிறார், மணமுடித்துக்கொள் என்று கேட்கிறார். இரண்டு இடத்திலும் காரியம் ஆகவில்லை. அப்போதுகூட அவர் அந்தப் பெண்களை அறிமுகப்படுத்துவது 'முல்லைக்குத் தேர் கொடுத்தவன் மகள்கள்' என்றுதான். பின்னால் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இருக்கிறது. பாரியின் பெண்ணை அந்தப் பகுதியை ஆண்ட மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீயில் புகுந்தார் என்று அது சொல்கிறது. தென்பெண்ணை ஆற்றுக்குள் ஒரு பாறையைக் கபிலர் குன்று என்று இன்றும் காட்டுகிறார்கள்.

பெயருக்கு என்ன பொருள் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. குழந்தைப் பெயர்ப் புத்தகங்களில் 'வள்ளல்' என்றோ 'அரசன்' என்றோ போட்டிருக்கும். அது அந்த ஆளைப் பற்றிய குறிப்பே தவிர, பெயரின் பொருள் இல்லை. சங்ககாலத் தலைவர்கள் பலருக்கு இப்படித்தான், ஆய், காரி, ஓரி, நள்ளி, பேகன் என்று ஒன்றிரண்டு அசையில் முடியும் பெயர்கள். சிறுபாணாற்றுப்படை அந்த வள்ளல்கள் ஏழு பேரையும் வரிசையாகச் சொல்லும்போது 'காரிக் குதிரைக் காரியொடு மலைந்த ஓரிக் குதிரை ஓரியும்' என்கிறது. தலைவன் பெயரும் காரி, அவன் ஏறும் குதிரையும் காரி. அந்தக் காலத்துக்காரர்கள் பெயரை இவ்வளவு இயல்பாகப் புழங்கியிருக்கிறார்கள். நாம்தான் பொருள் தெரியாமல் பெயர் வைக்கப் பயப்படுகிறோம்.

பொருள் தெரியாவிட்டாலும் பாரிக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது. 107ஆம் பாட்டில் கபிலர் செய்த வேலை அது. 'பாரி பாரி என்று பல ஏத்தி' எல்லாப் புலவர்களும் ஒருத்தனையே புகழ்கிறார்கள். உலகத்தைக் காப்பாற்ற 'பாரி ஒருவனும் அல்லன், மாரியும் உண்டு' என்கிறார். திட்டுவது மாதிரி ஆரம்பித்துப் புகழ்ச்சியில் முடிப்பது. பாரிக்கு மாரி எதுகை. இந்த ஜோடி அப்புறம் பிரியவே இல்லை. பழமொழி நானூறு பாடியவரும் 'மாரி ஒன்று இன்றி வறந்திருந்த காலத்தும்' என்று தொடங்கி அடுத்த அடியிலேயே 'பாரி மடமகள்' என்கிறார். மழை பொய்த்த பஞ்சத்தில் பாணன் வந்து நிற்கிறான். அந்தப் பெண் உலையில் சோற்றுக்குப் பதிலாகப் பொன்னை இட்டு எடுத்துக் கொடுத்தாள் என்று கதை.

இதைவிட எனக்குப் பிடித்த சாட்சி சுந்தரர். 8ஆம் நூற்றாண்டு. திருப்புகலூர்ப் பதிகத்தில் புலவர்களைப் பார்த்துப் பேசுகிறார்: பலமில்லாதவனை வீமனே, விசயனே என்று புகழ்ந்தாலும், 'கொடுக்கிலாதானைப் பாரியே என்று கூறினும் கொடுப்பார் இலை', அதனால் சிவனைப் பாடுங்கள். பலத்துக்கு வீமன், வில்லுக்கு அருச்சுனன், கொடைக்குப் பாரி. கொடைக்கு அந்த இடத்தில் கர்ணனை வைத்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். பாரதக் கதை நாயகர்கள் இரண்டு பேருக்கு நடுவில் பறம்பு மலைக்காரனைக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறார். சாதாரண ஜனங்கள் கேட்கும் பதிகத்தில் இப்படிப் பாட வேண்டுமானால், அந்தப் பெயர் அப்போது விளக்கம் தேவைப்படாத பெயராக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் இந்தப் பாட்டிலேயே சிக்கலும் இருக்கிறது. 'பாரியே' என்று ஒருவரை அழைப்பது முகஸ்துதி ஆகிவிட்டது. ஒரு பெயர் பட்டமாக மாறிவிட்டால் பிள்ளைக்கு வைக்கக் கை வராது. எங்கள் பங்காளி வீடுகளின் பழைய பத்திரங்களைப் புரட்டினால் கருப்பன், சின்னையா, அடைக்கலம், வெள்ளைச்சாமி என்று வரிசையாக வருகிறார்கள், எல்லாம் சாமி பெயரும் தாத்தா பெயரும். சங்கப் பெயர் ஒன்றுகூட இல்லை. காரி மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடித்தது போல் தெரிகிறது. நம்மாழ்வாரின் அப்பா பெயர் காரி, அதனால்தான் அவர் காரிமாறன்.

நிலைமை மாறியது அச்சு வந்தபிறகுதான். உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அதற்கு முன் ஓலையில் மட்டும் இருந்த இந்தத் தலைவர்கள் பாடப்புத்தகத்துக்கும் மேடைக்கும் வந்தார்கள். அப்புறம் 1916ஐ ஒட்டித் தனித்தமிழ் இயக்கம். வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். அதற்கும் முன்பே சூரியநாராயண சாஸ்திரி தன்னைப் பரிதிமாற் கலைஞர் என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பிறகு திராவிட இயக்கம். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அந்தத் தலைமுறை தங்கள் பெயரை மாற்றியது, அடுத்த தலைமுறை பிள்ளைகளுக்கு வைத்தது. செங்குட்டுவன், இளங்கோ, கரிகாலன், அதியமான், நன்மாறன், நெடுமாறன் எல்லாம் ரேஷன் கார்டில் ஏறியது அப்படித்தான்.

இந்தப் பட்டியலை ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். செங்குட்டுவன் சேரன். கரிகாலன் சோழன். நெடுஞ்செழியனும் மாறன்களும் பாண்டியர். பறம்பை முற்றுகையிட்ட மூன்று கொடிகளும் நம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருந்தன. என் வகுப்பில் பாண்டியன்கள் இருந்தார்கள், ராஜேந்திரன் இருந்தான், சேரன்கூட இருந்தான். பாரி யாரும் இல்லை. எழுச்சி பேசிய அரசியலுக்கு வென்றவன் பெயர்தான் வேண்டியிருந்தது. கனகவிசயர் தலையில் கல் ஏற்றியவன், கடல் கடந்தவன், கல்லணை கட்டியவன். கொடுத்துக் கொடுத்தே காலியாகி, கூட்டணி போட்டு வந்தவர்களிடம் தோற்றவனை மேடையில் உதாரணம் காட்டலாம். மகனுக்கு வைக்க யோசிப்பார்கள். இந்தப் பெயர் அரிதாக இருப்பதற்கு என் அறிவுக்கு எட்டிய காரணம் இதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். பாடிய கபிலர் பெயர் பாடப்பட்டவன் பெயரைவிட நன்றாகவே ஓடியது. கபிலன்கள் நிறைய. அதற்குக் கபில முனிவரும் 1983 உலகக்கோப்பையும் உதவியிருக்கலாம்.

அதியமானுக்கு ஓர் அனுகூலம் உண்டு. திருக்கோவலூருக்குப் பக்கத்தில் ஜம்பையில் 1981இல் கிடைத்த தமிழ்பிராமிக் கல்வெட்டில் 'அதியன் நெடுமான் அஞ்சி' என்று பெயரே வெட்டியிருக்கிறது. கீழடிப் பானை ஓட்டில் ஆதன் என்று கீறியிருக்கிறது; அந்தச் செய்தி வந்ததிலிருந்து ஆதன் என்று குழந்தைகளுக்கு வைக்கிறார்கள், நானே காதணி விழாப் பத்திரிகைகளில் பார்க்கிறேன். பாரிக்குச் சங்ககாலக் கல்லோ ஓடோ கையில் இல்லை. பாட்டு மட்டும்தான்.

போதாததற்கு ஆங்கிலேயன் வேறு குறுக்கே வந்தான். சென்னையில் பாரிமுனை என்று பலகை பார்த்ததும், சிறுவயதில் நான் அது நம் வள்ளல் பெயர் என்றே நம்பியிருந்தேன். அது தாமஸ் பாரி. வேல்ஸ் நாட்டிலிருந்து 1788இல் மதராசுக்கு வந்து வியாபாரம் தொடங்கியவர், 1824இல் இறந்தார். வேல்ஸ் மொழியில் 'ஆப் ஹாரி', அதாவது ஹாரியின் மகன் என்பது சேர்ந்து தேய்ந்து பாரி ஆயிற்று. அந்த முனைக்குக் கூப்பிடு தூரத்தில் பிராட்வேயில் பாரி நிலையம் என்று புகழ்பெற்ற தமிழ்ப் பதிப்பகம் இருந்தது. எது எந்தப் பாரி என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. தாமஸ் பாரியின் கம்பெனி மிட்டாயும் போட்டதால் தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் 'மிட்டாய்' என்று பட்டப்பெயர். அது இல்லாத நாளில் "முல்லைக்குத் தேரையே குடுத்தியே, எனக்கு ஒரு ரப்பர் குடுக்க மாட்டியா" என்று கேட்பார்கள். நிஜமாகவே கொடுத்துவிடுவான். அம்மா வாராவாரம் ரப்பர் வாங்கினார்.

இப்போது அவன் புனேயில் வேலை பார்க்கிறான். சான்றிதழில் பெயரை ஆங்கிலத்தில் ஒற்றை ஏ போட்டு எழுதியது யாரோ ஒரு வாத்தியார். அந்த எழுத்தில் வடக்கே படித்தால் அது பரி, தேவதை என்று பொருள், பெண் குழந்தைகளுக்கு ஆசையாக வைக்கும் பெயர். மகளிர் தினத்தன்று அலுவலகத்திலிருந்து வாழ்த்தும் பூவும் அவனுக்குத் தவறாமல் வரும். திருத்தச் சொல்லி எழுதினால் மன்னிப்புக் கேட்பார்கள், அடுத்த மார்ச்சில் மறுபடி வரும். இல்லை, அது பரி இல்லை, நெடில் என்று விளக்கினால் பாரி என்று கொஞ்சம் அழுத்திச் சொல்கிறார்கள், அது இந்தியில் 'கனமான' என்றாகிறது. உடம்பும் கொஞ்சம் அப்படி இருப்பதால் அவன் வாதாடுவதை விட்டுவிட்டான்.

ஊரிலும் இரண்டெழுத்தை அப்படியே விட்டுவிட நம் ஆட்களுக்கு மனசு வருவதில்லை. பாரிவள்ளல், பாரிவேந்தன், இளம்பாரி என்று ஒட்டுப்போட்டுத்தான் வைக்கிறார்கள். எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தை நிறுவிய பச்சமுத்து பாரிவேந்தர் என்ற பெயரில்தான் அரசியலுக்கு வந்தார், 2019இல் பெரம்பலூர் எம்.பி.யும் ஆனார். மன்னர்களுக்கெல்லாம் சாதிச் சுவரொட்டி அடிக்கும் காலம் இது, பாரியையும் விட்டுவைக்கவில்லை. கேட்டவனுக்கெல்லாம் ஊரை எழுதிக் கொடுத்தவனை ஒரு சாதிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்வது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

உண்மையான திருப்பம் 2016இல் வந்தது. சு. வெங்கடேசன் ஆனந்த விகடனில் வேள்பாரியைத் தொடராக எழுத ஆரம்பித்தார், மணியம் செல்வன் படம் போட்டார். இரண்டு வருடம் போல ஓடிய அந்தத் தொடர் பள்ளிப் பாடத்தில் இருந்த தானதர்மப் பாரியைக் காட்டைக் காக்கச் சண்டை போடும் வீரனாக மாற்றிவிட்டது. இலக்கிய ரீதியாக எனக்கு அதில் சில மனத்தாங்கல் உண்டு. கபிலரின் அந்தக் கிண்டலும், நண்பன் இறந்தபின் புலம்பிப் பாடிய கையறுநிலையும்தான் எனக்குப் பாரி. நாவலின் போர் வியூகங்களில் நான் அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் பெயர்க் கணக்கில் பார்த்தால் உ.வே.சா.வுக்கு அப்புறம் இந்தப் பெயருக்கு நடந்த பெரிய காரியம் அதுதான். அதன் பிறகுதான் தம்பிக்கு முன்பின் தெரியாதவர்கள் "சார், உங்க பேரு நெஜமாவே பாரியா?" என்று சந்தோஷமாகக் கேட்கத் தொடங்கினார்கள். சொந்தக்காரர் வீட்டில் ஒரு பையனுக்கு வேள்பாரி என்றே வைத்திருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் அண்ணன் பாரி, தங்கை முல்லை. தோற்றவன் பெயர் என்ற தயக்கம் இவர்களிடம் இல்லை. அவர்களுக்கு அவன் வஞ்சகத்தால் வீழ்த்தப்பட்டவன், அது இந்தக் காலத்துக்குப் பிடித்த வீரம்.

எழுத்தும் எண்ணும் பார்த்து ஷ், ஜ் போட்டுப் பெயர் தேடும் வீடுகள்தான் இன்னும் அதிகம். அங்கே பாரி நுழைய வாய்ப்புக் குறைவு. எண்கணிதக்காரர் ஒத்துக்கொண்டாலும் இரண்டு எழுத்து போதவில்லை என்று இன்னொன்றைச் சேர்க்கச் சொல்வார். சேர்க்காதீர்கள்.

வைக்கலாமா என்று அண்மையில் ஒரு நண்பர் தம்பியிடமே கேட்டார். அவன் சொன்னது: "தாராளமா வைங்க. ஆங்கிலத்துல ரெண்டு ஏ போடுங்க, பிறப்புச் சான்றிதழ்லயே போடுங்க. மருத்துவமனையில வாயால சொல்லிட்டு வந்துடாதீங்க, எழுதிக் குடுங்க. அப்புறம் ஒண்ணாம் வகுப்புக்குப் போறப்ப பையில எக்ஸ்ட்ரா ரப்பர் போட்டு அனுப்புங்க."